தொட்டிக்கும் சுவருக்கும் இடையே

கீழ்வீட்டு அக்கா ஓர் எவர்சில்வர் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அதில் முக்கால்வாசி தண்ணீர் இருந்தது. “ராத்திரி பூரா பரண்மேல விழுந்தது இது, தம்பி. நீங்க ஊருக்குப் போயிருந்தப்ப மூணாம் நாள் நின்னுச்சு. நீங்க வந்தீங்க, திரும்ப ஆரம்பிச்சிருச்சு” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. இரண்டு ஆண்டுகளில் இது நான்காவது முறை.

முந்தைய மூன்று முறையும் நடந்தது ஒன்றுதான். ஆள் வருவார், குளியல் தொட்டி சுவரைத் தொடும் கோட்டில் பழைய சிலிக்கானுக்கு மேலேயே புதிய சிலிக்கானை அடிப்பார், விரலில் சோப்புத் தண்ணீர் தொட்டு வழித்துவிடுவார். “இனிமே ஒரு சொட்டு போகாது சார்” என்பார். ஐந்தாறு மாதம் போகாது. பிறகு போகும்.

நான்காம் முறை நானே பிளேடை எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினேன். ஒரு மூலையில் கீறி இழுத்ததும் சிலிக்கான் ரிப்பன்போல நீளமாகக் கையோடு வந்துவிட்டது. முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் கரிக்கட்டையின் கறுப்பு, தொட்டால் வழவழப்பு. பல மாதங்களாக அது எதிலும் ஒட்டாமல் சும்மா குந்தியிருந்திருக்கிறது. அதற்குப் பின்னால் தெரிந்த இடைவெளி ஒரு முனையில் நகம்கூட நுழையாத அளவு, மறுமுனையில் இரண்டு ரூபாய் நாணயங்களை அடுக்கிச் செருகலாம். சுவர் பேனலின் அடி விளிம்பு நேராகத் தொட்டியின் தட்டையான விளிம்பின்மேல் நின்றது. ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை, ஒன்றை ஒன்று மறைக்கவில்லை. மூட்டு என்று யாரும் அங்கே எதையும் வடிவமைக்கவில்லை. இரண்டு பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடுவே பசை தடவியிருந்தார்கள்.

அன்றிலிருந்து இந்த ஒரு கோட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். சில நாடுகளில் கட்டுநர்களும் தொழிற்சாலைகளும் இதே கேள்விக்குத் தொண்ணூறு ஆண்டுகளாக விடை தேடியிருக்கிறார்கள். நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீரைத் தடுக்கும் வேலையை மூட்டின் வடிவம் செய்ய வேண்டும். சிலிக்கான் அதற்கு உதவியாள்.

மூட்டுத் தொல்லைக்கு முதலில் தோன்றும் விடை மூட்டே வைக்காமலிருப்பது. அமெரிக்காவின் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1930-களில் அதைத்தான் முயன்றார். அவருடைய ‘டைமாக்ஸியன்’ குளியலறை, அச்சில் அழுத்தி எடுத்த நான்கே நான்கு செப்புத் தகட்டுத் துண்டுகளால் ஆனது. ஒரு துண்டை இரண்டு பேர் தூக்கிப் படியேற்றிவிடலாம். சுவரும் தொட்டியும் தரையும் தனித்தனியாக இல்லை, ஒன்று வளைந்து மற்றொன்றாக மாறும். கூர்மையான மூலை எங்கும் இல்லாததால் அழுக்கு தங்கவும் இடமில்லை. 1938-இல் விண்ணப்பித்து 1940-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். எழுத்தாளர் கிறிஸ்டோஃபர் மார்லி லாங் ஐலண்டில் எழுதுவதற்கென்று வைத்திருந்த மரக்குடிலில் அதில் ஒன்று பொருத்தப்பட்டது. இன்றும் அங்கே இருக்கிறது. மொத்தம் ஒரு டஜன் அளவில்தான் செய்தார்கள். பெருமளவு உற்பத்திக்கு அது போகவே இல்லை. எனக்கு அதில் பெரிய பாடமாகத் தெரிவது மூட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்தது மட்டும் அல்ல, மூட்டை மூலையிலிருந்து அகற்றியது. இரண்டு தளங்கள் சந்திக்கும் மூலையில்தான் நீர் தேங்கும், அங்கேதான் அசைவும் அதிகம். மூலையை வளைத்து ஒரே துண்டாக்கிவிட்டு மூட்டைச் சமதளத்துக்குக் கொண்டுபோனால் பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும்.

அதைத் தொழிற்சாலை அளவில் செய்துகாட்டியது ஜப்பான். 1964 டோக்கியோ ஒலிம்பிக் நெருங்கிக்கொண்டிருந்தது. 17 மாடி ஹோட்டல் நியூ ஒடானியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளியலறைகளைக் கொத்தனார் வைத்துக் கட்டி, சாந்து காய்ந்து, டைல் ஒட்டி முடிக்க நாள் போதாது. டோட்டோ நிறுவனம் 1,044 குளியலறைகளை ஆலையில் பகுதி பகுதியாகச் செய்து கொண்டுவந்து பொருத்தியது. ‘யூனிட் பாத்’ என்று இன்று ஜப்பானிய வீடுகளில் பரவியிருக்கும் முறையின் தொடக்கம் அது. அதன் அடிப்படை எளியது. தரை முழுவதும் ஒரே வார்ப்பாக வந்த கண்ணாடியிழைத் தாம்பாளம், ஓரங்கள் மேலே மடங்கியிருக்கும். சுவர் பேனல்கள் அந்த மடிப்பின்மேல் நிற்கும். பேனலின் முகத்தில் வழியும் நீர் எந்த வழியில் இறங்கினாலும் தாம்பாளத்துக்குள்தான் விழ வேண்டும். பேனல்களுக்கு நடுவே உள்ள மூட்டில் கசிந்தால்கூட நீருக்குப் போகுமிடம் தாம்பாளம்தான்.

அமெரிக்காவில் தொட்டியும் மூன்று பக்கச் சுவரும் ஒரே வார்ப்பாக வந்த கண்ணாடியிழைக் கூடுகள் புதிய வீடுகளுக்கு நன்றாகப் பொருந்தின. சுவர் எழும்புமுன்பே உள்ளே இறக்கிவிடுவார்கள். பழைய வீட்டில் அது நடக்காது. கதவு வழியே நுழையாது, படிக்கட்டில் திரும்பாது. பேனல்களை மூன்றாகவும் ஐந்தாகவும் பிரித்துக் கொண்டுபோய் உள்ளே சேர்க்க வேண்டியதாயிற்று. மூட்டு என்பது இப்படி வீட்டுக் கதவின் அகலத்தால் பிறந்த குழந்தை. அதை ஒழிக்க முடியாது என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் நல்ல மூட்டு எது என்ற கேள்வி வருகிறது.

இதற்கு விடை என் தாத்தா வீட்டுக் கூரையில் இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கம், கோடையில் கீற்று மாற்றுவார்கள். வேய்கிறவர் இறவாரத்தில் தொடங்கி முகடு நோக்கி ஏறிக்கொண்டே போவார். மேல் கீற்று கீழ்க் கீற்றின்மேல் ஒரு சாண் படிந்திருக்கும். பசை கிடையாது, பூச்சு கிடையாது. ஐப்பசி அடைமழையில் உள்ளே சொட்டாது. நாட்டு ஓடும் அப்படித்தான். நீரின் பயணம் கீழ்நோக்கி என்பதால் மேலே இருப்பது கீழே இருப்பதை வெளிப்புறமாக மூட வேண்டும், அவ்வளவுதான். வரிசையை மாற்றி ஒரே ஒரு கீற்றைக் கீழே செருகிவிட்டால், எவ்வளவு தார் பூசினாலும் அந்த இடம் ஒழுகும்.

அமெரிக்கத் தொட்டிகளில் பெரும்பாலானவை இந்த விதிக்கு ஏற்றபடி வருகின்றன. சுவரை ஒட்டிய மூன்று பக்கமும் விளிம்பு மேல்நோக்கி மடங்கி ஏறத்தாழ 25 மி.மீ. உயரத்துக்கு நிற்கும். ஃப்ளேஞ்ச் என்கிறார்கள். அந்த உதட்டைச் சுவர்ச் சட்டத்தோடு பிடித்துவிட்டு, நீர்காப்புச் சவ்வை அதன்மேல் வெளிப்புறமாக இறக்கி, அதற்கும் வெளியே பேனலையோ டைலையோ தொங்கவிடுவார்கள். கீற்று, அதன்மேல் கீற்று. பேனலுக்குப் பின்னால் போன நீர்கூடச் சவ்வில் வழிந்து, உதட்டின் முன்பக்கமாக இறங்கித் தொட்டிக்குள் விழும்.

பிரிட்டனில் பரவலாக விற்பவை உதடு இல்லாத தட்டை விளிம்புத் தொட்டிகள். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பவையும் பெரும்பாலும் அப்படியே. நாலு பக்கமும் ஒரே மாதிரி வழவழப்பாக இருப்பதால் பார்க்க அழகு; எந்த அறையிலும் எந்தப் பக்கம் திருப்பியும் வைக்கலாம். ஆனால் சுவரோடு சேரும் இடத்தில் மேல்-கீழ் என்ற உறவே அங்கே பிறப்பதில்லை. அதனால்தான் பிரிட்டனில் தொட்டி விளிம்பில் பின்னாலிருந்து ஒட்டும் எழுபட்டைகள் தனிச் சரக்காக விற்கின்றன. தொட்டியோடு பிறக்காத உதட்டை ஒட்டவைக்கும் வேலை. குறை இருப்பது தெரிந்து கண்டுபிடித்த பொருள் என்றாலும், வைத்தால் நன்றாகவே உழைக்கிறது.

உதடு இருந்தும் ஒழுகும் வீடுகள் உண்டு. இது முதலில் எனக்குப் புரியவில்லை. 25 மி.மீ. சுவரை ஏறிக் கடக்க நீருக்கு எங்கிருந்து வலு வரும்? பள்ளிக்கூட இயற்பியலில் படித்த நுண்புழை ஏற்றம்தான் விடை. இரண்டு தட்டுகளுக்கு நடுவே உள்ள சந்து குறுகக் குறுக, நீர் அதில் தானாக மேலே ஏறும். நன்றாக ஈரமேற்கும் பரப்பில், 1 மி.மீ. சந்தில் நீர் சுமார் 15 மி.மீ. ஏறும். அரை மி.மீ. சந்தில் 29 மி.மீ. பத்தில் ஒரு மி.மீ. சந்தாக இருந்தால் கணக்கின்படி ஏறத்தாழ 15 செ.மீ. பேனலை உதட்டோடு இறுக்கமாக ஒட்டிப் பிடிப்பதுதான் நல்ல வேலை என்று நினைக்கிற ஆள், அரை மி.மீ. சந்தை உண்டாக்கி, நீரை உதட்டுக்கு மேலே ஏற்றிவிடும் பம்பைச் செய்துவைக்கிறார். 3 மி.மீ. இடைவெளி விட்டிருந்தால் ஏற்றம் 5 மி.மீ.யோடு நின்றுவிடும். அக்ரிலிக்கில் சுத்தமான நீர் எளிதில் பரவாது, முத்தாக நிற்கும். ஆகவே இந்த அளவு ஏற்றம் வராது என்று சொல்லலாம். குளியலறையில் ஓடுவது சோப்பு நீர். சோப்பு பரப்பு இழுவிசையைக் குறைத்து ஏற்றத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தினாலும், நீரை எந்தப் பரப்பிலும் படர விட்டுவிடுகிறது. சந்துக்குள் முதல் அடி எடுத்துவைக்க அது போதும்.

கட்டடங்களின் வெளிச்சுவர் மூட்டுகளைப் பற்றி இதே சிந்தனையை 1963-இல் கனடா தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் ஜி. கே. கார்டன் ஒரு சிறு வெளியீட்டில் தெளிவாக எழுதிவைத்தார். நீர் உள்ளே போக மூன்று தேவை: நீர், ஒரு திறப்பு, அதன் வழியே நீரைத் தள்ளும் விசை. திறப்பையெல்லாம் அடைப்போம் என்று கிளம்புவது வீண். என்றைக்காவது ஒன்று திறக்கும். விசைகளை ஒவ்வொன்றாகச் செயலற்றதாக்குவதே வழி. துளியின் வேகத்துக்கு ஒரு மறைப்பு, புவியீர்ப்புக்கு வெளிச்சரிவு, நுண்புழைக்கு அகன்ற இடைவெளி, காற்றழுத்தத்துக்குச் சமன் செய்யும் அறை. கட்டட வெளிச்சுவர்களுக்காக எழுதியது அது. குளியலறையில் காற்றழுத்தத்தைப் பெரிதாகக் கவனிக்க வேண்டியதில்லை. மற்ற மூன்றும் அப்படியே பொருந்துகின்றன. தொட்டியோரத்தை நான் பார்க்கும் பார்வையை மாற்றியது இந்தக் கட்டுரைதான்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் இடம் ஒன்று உண்டு, அதைப் பற்றிப் பலரும் பேசுவதே இல்லை. தொட்டியின் முன்மூலை. அதாவது, நீளச்சுவர் பக்கம் இல்லாமல், நாம் கால் தூக்கி உள்ளே வைக்கிற பக்கத்தில், தொட்டியின் வெளிமுகமும் பக்கச் சுவரும் சந்திக்கும் இடம். ஷவர் நீர் பக்கச் சுவரில் அடித்து, பேனலில் வழிந்து, தொட்டி விளிம்புக்கு வந்து, விளிம்பின் மேலேயே முன்னோக்கி ஊர்ந்து வரும். உதடு அங்கே முடிந்துவிடும். பேனலும் அங்கேயே முடிந்திருந்தால் நீர் இரண்டுக்கும் வெளியே சுவரில் இறங்கி, தரை டைலுக்கும் தொட்டி முகத்துக்கும் நடுவே மறைந்துவிடும். ஒரு நாளும் கண்ணில் படாது. பேனலைத் தொட்டியின் முன்விளிம்பைத் தாண்டி நான்கு விரல் அளவு வெளியே கொண்டுவந்து தரைவரை இறக்கியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. தொட்டி விளிம்பு உள்நோக்கி ஒரு நூல் சரிந்திருந்தாலும் நீர் முன்னே ஊர்வதற்குப் பதில் உள்ளே விழும். ரசமட்டம் வைத்துத் தொட்டியை நிறுத்தும் ஆள், அந்த நூல் சரிவு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டால் போதும். பல வீடுகளில் அது சுவர்ப் பக்கம் சரிந்திருக்கிறது.

சிறு கசிவுதானே என்று தோன்றும். அமெரிக்காவில் ஷவர் தலைக்குச் சட்ட வரம்பு நிமிடத்துக்கு 2.5 கேலன், ஏறத்தாழ 9.5 லிட்டர். பத்து நிமிடக் குளியலுக்கு 95 லிட்டர். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் தவறான வழியில் போனாலும் ஒரு குளியலுக்கு 95 மில்லி. தினம் ஒருவர் குளித்தால் ஆண்டுக்கு 35 லிட்டர் சுவருக்குள் இறங்கும். பேனலின் உள்மையம் மரத்தூள் பலகை என்றால் ஓரம் ஊதிப் பிளக்கும். பின்னால் ஜிப்சம் பலகை இருந்தால் அதன் காகிதமே பூஞ்சைக்கு உணவு.

இனி அசைவு. தொட்டி அசையாது என்று நம்பித்தான் வெள்ளை சிமெண்டை வைத்து அந்தக் கோட்டை அடைக்கிறார்கள். ஒன்றரை மீட்டர் தொட்டியில் 150 லிட்டர் நீர் என்றால் 150 கிலோ. அதில் 70 கிலோ ஆள் இறங்கினால் 220. கால்களின்மேல் நிற்கும் அக்ரிலிக் தொட்டி இந்தப் பாரத்தில் கொஞ்சம் இறங்கும், வடித்ததும் ஏறும். வெள்ளை சிமெண்டுக்கு இழுபடத் தெரியாது. முதல் வாரமே முடியளவு வெடிப்பு விடும். முடியளவு வெடிப்பு என்பது நுண்புழைக்கு மிகப் பிடித்தமான அளவு.

வெப்ப விரிவு அடுத்தது. அக்ரிலிக் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 70 பங்கு நீளும். எஃகு 12, பீங்கான் டைல் 6 அல்லது 7. குளிர்நாட்டில் ஒன்றரை மீட்டர் அக்ரிலிக் தொட்டி 25 டிகிரி சூடேறினால் 2.6 மி.மீ. நீளும். பின்னால் இருக்கும் டைல் சுவர் அதே சூட்டை வாங்கினாலும் கால் மி.மீ. மட்டுமே நீளும். தொட்டி முழுக்க ஒரே சீராகச் சூடாவதில்லை என்பதால் இதை மேல்வரம்பாகக் கொள்ளலாம். இரண்டு முனைக்கும் பங்கிட்டால் ஒரு முனைக்கு 1.3 மி.மீ. நல்ல சிலிக்கான்களின் அசைவுத் திறனை அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். சி 920 தரம் வகுப்புகளாகப் பிரிக்கிறது. 25-ஆம் வகுப்பு என்றால் மூட்டின் அகலத்தில் கால் பங்கு நீளவும் சுருங்கவும் தாங்கும். 1.3 மி.மீ. அசைவுக்கு மூட்டின் அகலம் குறைந்தது 5 மி.மீ. இருக்க வேண்டும் என்று இதிலிருந்து வருகிறது. என் வீட்டில் நகம் நுழையாத முனை எப்படிப் பிழைத்திருக்கும்? சந்தே இல்லாத இடத்தில் மேலே முக்கோணமாக வழித்த சிலிக்கான், அகலமே இல்லாத மூட்டு. அதன் மெல்லிய ஓரம் முதலில் உரியும்.

சிலிக்கான் நல்ல பொருள். அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான் தவறு நடக்கிறது. அது இரண்டு பக்கம் மட்டும் ஒட்ட வேண்டும். பின்பக்கமும் ஒட்டிக்கொண்டால் இழுபட இடமின்றிக் கிழியும். அதற்காகத்தான் சந்துக்குள் முதலில் பாலிஎத்திலீன் நுரைக் கயிறு ஒன்றைச் செருகச் சொல்கிறார்கள். சிலிக்கானுக்கு மூட்டின் அகலத்தில் பாதி ஆழம் போதும். புதிய சிலிக்கான் பழைய சிலிக்கானில் ஒட்டாது. சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, காயவிட்டுத்தான் அடிக்க வேண்டும். புளித்த காடி வாசம் வீசும் மலிவு வகை மார்பிளையும் சிமெண்டுப் பரப்பையும் அரிக்கும். அங்கே வாசமில்லாத நியூட்ரல் வகை நல்லது. காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் சிலிக்கான் இறுகும், நாளொன்றுக்கு இரண்டு மூன்று மி.மீ. ஆழம். சென்னைக் காற்று அதற்குத் தோது. ஒட்டும் பரப்பு ஈரமாக இருந்தால் மட்டும் எல்லாம் பாழ். பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்த்த குளியலறை வகையிலும் அந்த மருந்து சோப்பு நீரில் மெல்லக் கரைந்து போய்விடும்.

சிலிக்கான் நிலைக்காது என்பதை ஜெர்மானியர்கள் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். மீள்தன்மையுள்ள இந்த மூட்டைப் ‘பராமரிப்பு மூட்டு’ என்று அவர்கள் வகைப்படுத்துகிறார்கள். கார் டயர்போலத் தேயும், பார்த்து மாற்ற வேண்டும் என்று பொருள். 2017-இல் வந்த டின் 18534 தரம் உட்புற நீர்காப்பைப் பற்றியது. அதன்படி சிலிக்கான் நீர்காப்பாகவே கணக்கில் வராது. தொட்டி விளிம்பில் ஒரு முத்திரைப் பட்டையைப் பின்னாலிருந்து ஒட்டி, அதைச் சுவரின் நீர்காப்புப் பூச்சோடு இணைத்துவிட வேண்டும். வெளியே தெரியும் சிலிக்கானை முழுக்கப் பிடுங்கி எறிந்தாலும் வீடு ஒழுகக் கூடாது. இத்தனை தெளிவாக வேலைப் பங்கீடு செய்த வேறொரு விதியை நான் பார்க்கவில்லை. பலகை வகை நீர்காப்புகளுக்கு ஐரோப்பா வகுத்த ஈ.டி.ஏ.ஜி. 022 வழிகாட்டியும் அந்த மனப்பான்மையில்தான் இருந்தது: பலகையின் முகத்தில் நீர் புகாது என்று சான்று தந்தால் போதாது, மூட்டோடும் குழாய்த் துளையோடும் சேர்த்துச் சோதித்துக் காட்ட வேண்டும்.

செங்குத்து மூட்டுகள் இன்னும் சிக்கலானவை. பேனலும் பேனலும் பக்கவாட்டில் சேரும்போது கீற்றுக் கூரையின் உதவி கிடைக்காது. வார்ப்புக் கல் போன்ற பலகைகளை அதே நிறப் பிசினால் ஒட்டித் தேய்த்து ஒரே துண்டாக்கிவிடலாம். 1967-இல் டூபான்ட் உருவாக்கிய கோரியன் வகையின் பெரிய வசதி அதுதான். கை தேர்ந்த ஆள் வேண்டும், செலவும் கூடுதல். பி.வி.சி. பேனல்களில் ஒரு பக்கம் நாக்கு, மறுபக்கம் பள்ளம். பள்ளத்துக்குள் சிலிக்கானை இட்டு நாக்கைச் செருக வேண்டும், வெளியே பூசுவது வெறும் அலங்காரம். உள்மூலைக்கு அலுமினியப் பட்டை. இந்தப் பட்டைகளும் பள்ளங்களும் உள்ளுக்குள் ஒரு சின்ன வாய்க்கால்போல வேலை செய்கின்றன. முன்பூச்சைத் தாண்டிய நீர் அதில் விழுந்து நேராகக் கீழே இறங்கித் தொட்டி உதட்டுக்கு முன்னால் வெளியேற வேண்டும். கடைசியில் வருகிறவர் அழகாக இருக்கட்டும் என்று அந்த வாய்க்காலின் வாயையும் சிலிக்கானால் அடைத்துவிடுகிறார். அப்போது வாய்க்கால் தண்ணீர் நிற்கும் குழாயாகிவிடுகிறது.

அடி மூட்டை முழுக்க அடைப்பதா, அங்கங்கே கண் விடுவதா என்ற வாதம் தொழிலில் இன்னும் ஓயவில்லை. ஷவர் கண்ணாடித் தடுப்பு செய்கிறவர்களில் பலர், சட்டத்தை வெளிப்பக்கம் மட்டும் சிலிக்கானிட்டு உள்பக்கம் விடச் சொல்கிறார்கள். சட்டத்துக்குள் போன நீர் திரும்பி உள்ளேயே வடிய வேண்டும் என்பதால். பேனலுக்கும் நான் அதையே ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. பின்னால் உதடும் அதன்மேல் இறங்கிய சவ்வும் இருந்தால் இரண்டடிக்கு ஒரு கண் விடலாம். உதடு இல்லாத தட்டை விளிம்பில் கண் விட்டால், அது நீருக்கு நாம் வைக்கும் வாசல். குழாய் வெளிவரும் துளைகளின் மூடித் தட்டுக்கும் இதே வழக்கம்தான்: மேலும் பக்கமும் பூசு, அடியை விடு.

சென்னை அடுக்குமாடிகளில் இந்தப் பிரச்சினைக்கு ஒரு கூடுதல் முடிச்சு இருக்கிறது. குளியலறைத் தளத்தைப் பள்ளமாக இறக்கிக் கட்டி, குழாய்களை அதில் ஓட்டி, செங்கல் ஜல்லி போட்டு நிரப்பி, மேலே டைல் ஒட்டுகிறோம். தொட்டியோரம் கசியும் நீர் அந்த ஜல்லிக்குள் சேர்ந்து நிற்கும். கீழே சொட்டத் தொடங்கச் சில நாள் ஆகும். மேலே நிறுத்திய பிறகும் சில நாள் சொட்டும். கீழ்வீட்டு அக்கா சொன்ன “மூணாம் நாள்” அதுதான். சிலிக்கான் அடித்த மறுநாள் சொட்டு நிற்கவில்லை என்று அடுத்த ஆளைக் கூப்பிடுகிறோம். நாலு நாளில் தற்செயலாக நின்றால் அவரை மெச்சுகிறோம். காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே ஜல்லித் தொட்டி ஒன்று உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் குழப்புகிறது.

அதனால் என் வீட்டில் முதலில் காத்திருந்தோம். இரண்டு வாரம் அந்தக் குளியலறையைப் பூட்டிவைத்தோம். சொட்டு முழுக்க நின்றதும், சுவரில் ஒரு துளி படாமல் வாளியால் தொட்டியை நிரப்பி, வடித்தோம். ஐந்து நாள் பார்த்தோம். பரணில் கிண்ணம் காய்ந்திருந்தது, வடிகுழாய் தப்பித்தது. பிறகு ஷவரைச் சுவரின்மேல் திருப்பி அரை மணி நேரம். மூன்றாம் நாள் கிண்ணத்தில் நீர். குற்றவாளி மூட்டுதான் என்பது அப்போது உறுதியாயிற்று. தளத்தில் நீர் கட்டி 24 மணி நேரம் வைக்கும் சோதனை இதைக் காட்டியிருக்காது. அந்தச் சோதனையில் நீர் தொட்டி விளிம்பு உயரத்துக்கு வருவதே இல்லை.

அடிப் பேனலைக் கழற்றினோம். தொட்டி விளிம்பின் மூன்று பக்கமும் 25 மி.மீ. அலுமினிய எல்-பட்டையை ஒட்டி உதடாக்கினோம். அதன்மேல் நீர்காப்புப் பட்டை, பட்டையின்மேல் சுவர்ப் பூச்சு. புதிய பேனலை உதட்டிலிருந்து 3 மி.மீ. முன்னே தள்ளி, விளிம்பிலிருந்து 5 மி.மீ. உயர்த்தி நிறுத்தினோம், அளவுக்கு டைல் ஸ்பேசர்களையே செருகினோம். முன்மூலையில் பேனல் நான்கு விரல் வெளியே வந்து தரையைத் தொட்டது. “இவ்ளோ சந்து விடறீங்களே சார், தண்ணி போகாதா?” என்று மேஸ்திரி கேட்டார். உதட்டின்மேல் கொஞ்சம் தண்ணீரைக் கையால் ஊற்றிக் காட்டினேன். அது முன்பக்கமாக வழிந்து தொட்டிக்குள் விழுந்தது. அவர் குனிந்து இரண்டு மூன்று முறை தாமே ஊற்றிப் பார்த்துவிட்டு, ஸ்பேசர்களை எடுத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

சிலிக்கான் அடிக்குமுன் தொட்டியை முழுக்க நிரப்பினோம். நிறைந்த பாரத்தில் தொட்டி இறங்கி நிற்கும்போது மூட்டு அதன் அகன்ற அளவில் இருக்கும். அப்போது அடித்தால் வடித்த பிறகு சிலிக்கான் அமுங்கும், இழுபடாது. இரண்டு நாள் நீரை அப்படியே விட்டோம்.

வடித்த அன்று மறுபடியும் அரை மணி நேரம் சுவரில் ஷவர். கீழ்வீட்டில் பரண்மேல் கிண்ணம். ஒரு வாரம் போயிற்று, இரண்டாம் வாரமும் போயிற்று. பதினைந்தாம் நாள் அக்கா ஸ்டூல் போட்டு ஏறிக் கிண்ணத்தை எடுத்துக் கீழே நீட்டினார். உள்ளே மெல்லிய தூசி படிந்திருந்தது.